காத்திருந்த கதாநாயகிக்கு வயது ஐம்பத்தாறு

இணையத்தில் தொடர்கதை எழுதும் பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். நான் எழுத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று தெரிந்ததும், இனி இவளால் ஆபத்தில்லை என்று நினைத்தோ என்னவோ, என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் எழுந்ததும் ஒவ்வொருவரும் நேற்று எத்தனை சொற்கள் எழுதினோம் என்று அங்கே அறிவிக்கிறார்கள். மற்றவர்கள் கைதட்டும் பொம்மை போடுகிறார்கள். அத்தியாயத்தின் கீழே வாசகிகள் வாக்களிக்கிறார்கள்: நாயகன் திரும்பி வரலாமா, விபத்தில் போகலாமா? இலக்கியத்தில் ஜனநாயகம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

போன வாரம் அதில் ஒரு பெண் கேட்டார்: "மேடம், நீங்க பழந்தமிழ்க் காதலை வச்சு இத்தனை நாவல் எழுதியிருக்கீங்க. அதுவும் சைகோன்ல உக்காந்து! உங்க ரைட்டிங் ப்ராக்ரஸ், இன்ஸ்பிரேஷன் பத்திக் கொஞ்சம் ஷேர் பண்ணுங்களேன்."

ப்ராக்ரஸ் பற்றிச் சொல்வது எளிது. முதல் நாவலில் என் கதாநாயகி மழையில் நனைந்தாள். கடைசி நாவலிலும் நனைந்தாள். நடுவில் குடை மட்டும் மாறியது. இன்ஸ்பிரேஷன் பற்றிக் கேட்டால் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கொஞ்சம் நீளம்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். காரைக்காலில் பிறந்தேன். கல்லூரியில் தமிழ் படித்தேன். அகத்திணை நடத்திய பேராசிரியை, காதல் என்ற சொல் வரும்போதெல்லாம் சன்னலைப் பார்த்தபடி வேகமாகக் கடந்துவிடுவார். அதில் ஏதோ இருக்கிறது என்று எங்களுக்கு அதனால்தான் தெரிந்தது. படிப்பு முடிந்த சமயம், வியட்நாம் வெளியாருக்குக் கதவைத் திறந்திருந்தது. தன் வாப்பாவின் சொந்தங்களைத் தேடிக்கொண்டு சைகோனிலிருந்து யூசுப் எங்கள் தெருவுக்கு வந்தார். அவருடைய வாப்பா எங்கள் ஊர்க்காரர், தாயார் வியட்நாம்காரர். யூசுப் பேசிய தமிழில் வேற்றுமை உருபுகள் எல்லாம் இடம் மாறி நின்றன. "என்னை உங்களுக்காகப் பிடிக்கும்" என்றார் முதல் முறை பேசியபோது. இலக்கணம் படித்த பெண் அதைத் திருத்தியிருக்க வேண்டும். நான் அவரை நிக்காஹ் செய்துகொண்டேன்.

சைகோனின் சோலோன் பகுதியில், சீனர்கள் நிறைந்த துணிச் சந்தையை ஒட்டிய சந்தில் வீடு. கீழே கடை, மேலே குடித்தனம். கடையை நடத்தியது மாமி, அதாவது என் மாமியார். பெயர் லான், நிக்காஹுக்குப் பிறகு மர்யம். மாமாவின் கடையில் காரைக்கால்காரர்களோடு பழகியே தமிழ் கற்றவர். சரளமாகப் பேசுவார், எழுத்து மட்டும் தெரியாது. மாமா வீட்டில் இல்லை. சைகோன் விழுந்த மறு வருடம், பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் பிரான்சுக்குக் கிளம்பியபோது அவரும் கிளம்பியிருந்தார். நிக்காஹ் நடந்ததே தவிர கன்சுலேட்டில் பதியாததால் மனைவிக்கும் மகனுக்கும் பாஸ்போர்ட் இல்லை. "ஆறு மாசத்துல கூப்பிட்டுக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு புது வருடத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவதோடு கடமையை முடித்துக்கொண்டார்.

பேச ஆளில்லாத ஊரில் நான் எழுதத் தொடங்கினேன். சென்னையில் மாத நாவல் போடும் ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் கதையை ஏற்றுக்கொண்டு பெயரை நிராகரித்தார். "ரஹ்மத்துன்னிஸாங்கிற பேர்ல ரொமான்ஸ் போனா வாசகி குழம்பிடுவா சகோதரி" என்று எழுதி, வெண்முல்லை என்று நாமகரணம் செய்தார். எங்கள் தெருவில் இருக்கும் எந்த ரஹ்மத்துன்னிஸாவும் காதலிப்பதில்லை என்பது அவர் கணிப்பு.

என் தொழில்முறை இதுதான். பழம்பாட்டில் ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வேன். அதற்குப் புது உடுப்பு மாட்டுவேன். காதலர் இரவில் சந்திக்கும் இரவுக்குறியிடம், சைகோனின் புதுநகரான பூ மி ஹங்கின் அடுக்குமாடிகளுக்கு அடியில் இருக்கும் கார் நிறுத்தம் ஆகும். குரைத்துக் காட்டிக்கொடுக்கும் நாய் செக்யூரிட்டி ஆவார். தோழி செல்போன் ஆவாள். காதலியைத் தர மறுத்த ஊருக்கு எதிரே பனைமட்டைக் குதிரை ஏறிவரும் தலைவனை ஹோண்டா பைக்கில் ஏற்றினேன். பொருள் தேடிப் பிரிபவனுக்கு மட்டும் புது உடுப்பே தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இதற்கு மேல் ஆசிரியரின் சட்டங்கள் உண்டு. நாயகியும் நாயகனும் முதல் அத்தியாயத்திலேயே மோதிக்கொள்ள வேண்டும். கோப்புகள் சிதற வேண்டும். நாயகன் தொழிலதிபர். எந்தத் தொழில் என்று சொல்லத் தேவையில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தால் போதும். வெளிநாடு தெரிய வேண்டும், ஆனால் வெளிநாட்டுச் சாப்பாடு வேண்டாம். என் கதாநாயகிகள் மீகாங் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டது இதனால்தான்.

கையெழுத்துப் பிரதியைத் தபாலில் அனுப்புவது தனிக் கலை. அந்தக் காலத்தில் வெளிநாடு போகும் எந்த எழுத்தையும் அதிகாரி ஒருவர் பார்த்து முத்திரை வைக்க வேண்டும். அவர் தமிழ்ப் பக்கங்களைத் தலைகீழாகப் பிடித்தபடி, "இது என்ன?" என்பார். என் வியட்நாமிய மொழியறிவு அப்போது காய்கறிக் கடையைத் தாண்டியிருக்கவில்லை.

"கதை" என்றேன்.

"என்ன கதை?"

"ஆண் போகிறான். பெண் அழுகிறாள். ஆண் வருகிறான்."

முத்திரை விழுந்தது. அடுத்த முறையும் அதே கேள்வி, அதே மூன்று வாக்கியம். மூன்றாம் முறை அவர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "ஏன் போகிறான்?" "பணத்துக்கு." "சரி. ஏன் திரும்பி வருகிறான்?" என்னிடம் அதற்கு வார்த்தை இல்லை. மொழி தெரியாததால்தான் வார்த்தை வரவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி விமர்சகர்கள் யாரும் எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் அந்த மனிதரைவிடச் சுருக்கமாகக் கேட்டிருக்க முடியாது.

ஆசிரியரின் குணத்தையும் சொல்லவேண்டும். ஒரு நாளும் குரல் உயர்த்தமாட்டார். தொலைபேசியில் முறுக்கு கடித்துக்கொண்டே பேசுவார். "பரவாயில்ல" என்றால் கதை அச்சுக்குப் போகிறது. "ரொம்ப நல்லா இருக்கு சகோதரி" என்றால் முழுதாகத் திருப்பி எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பார். அது பிடித்தால்தான் முன்னே போவார். மனிதர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு பிரதிக்கும் பதில் போடுவார், பிரசவ நேரத்தில் எனக்கு ஒரு மாத விடுப்பும் கொடுத்தார். அந்த மாதம் வெண்முல்லை பெயரில் அவரே எழுதினார். அதற்குத்தான் அதிகப் பாராட்டுக் கடிதம் வந்தது.

முதல் புத்தகம் வந்தபோது மாமிக்கு யூசுப் வாசித்துக் காட்டினார். யூசுப் தமிழ் எழுத்துக் கற்றதே என் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத்தான். ஆகவே அவர் தமிழில் பாதி காரைக்கால், மீதி கதாநாயகன். கடைக்கு வரும் தமிழ்க் கிழவரிடம் "தங்கள் விழிகளில் ஏன் இந்தச் சோகம்?" என்று கேட்டவர் அவர். அந்தக் கதையில் பிரிவால் மெலிந்த நாயகியின் வளையல்கள் கழன்று விழும் இடம் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம். மாமி ஜாக்கெட் துணியை அளந்துகொண்டே கேட்டார்:

"வளவி ஏன் கழண்டுச்சு?"

"புருசன் போய்ட்டாருல்ல மாமி. அந்தக் கவலையில மெலிஞ்சுட்டா."

"எனக்கும்தான் கழண்டுச்சு. அப்ப சைகோன்ல எல்லாப் பொம்பளைக்கும் கழண்டுச்சு. அரிசிக்குப் பதிலா போபோன்னு ஒரு தானியம் குடுத்தாங்க, மாட்டுக்குப் போடுறது. எல்லா வூட்டுலயுமா புருசன் போய்ட்டான்?"

அடுத்த நாவலில் வளையல்களை இறுக்கமாகப் போட்டேன்.

ஆனாலும் மாமியை நான் விடவில்லை. திரும்பி வராத கணவன், கடைவாசலில் தனியாக நிற்கும் மனைவி, வந்த வரன்களையெல்லாம் "எனக்குப் புருசன் இருக்கார்" என்று திருப்பி அனுப்பியவர். விளக்குப் பிடித்துத் தேடினாலும் இப்படியொரு முல்லைத்திணை கிடைக்காது. என் எத்தனையோ கதாநாயகிகள் மாமியின் முகத்தோடு வாசலைப் பார்த்து நின்றார்கள். நிஜத்தில் மாமி வாசலைப் பார்த்து நின்றது உண்மைதான். வாசலில் லோக் சரக்கு ஏற்றிக்கொண்டிருப்பார். லோக் என்பவர் சோலோன் சீனர், மாமி வயதுக்காரர், மூன்று சக்கர வண்டியில் எங்கள் கடைத் துணியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். ஏற்றி முடித்ததும் படியில் உட்கார்ந்து பனிக்கட்டி போட்ட காப்பி குடிப்பார். பேசமாட்டார். அவரை நான் என் எந்தக் கதையிலும் சேர்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிடும் பழக்கம் அவருக்கு இல்லை. சட்டையே பல நாள் இருக்காது.

அப்புறம் ஒரு வருடம் வாழ்த்து அட்டைக்குப் பதிலாக மாமாவே வந்தார்.

சக்கரம் வைத்த பெட்டி, செண்ட் வாசனை, கழுத்தில் மப்ளர். சைகோன் வெயிலில் மப்ளர்! பிரான்சில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. அந்த அம்மாள் இறந்துவிட்டாராம், பிள்ளைகள் தனியாகப் போய்விட்டார்களாம். இனி மீதிக் காலத்தைச் சொந்த மனைவியோடு கழிக்க முடிவு செய்திருக்கிறாராம். யூசுப் அழுதார். பத்து வயதில் பறிகொடுத்த வாப்பா. அந்த வாப்பாவின் சொந்தங்களைத் தேடித்தானே காரைக்கால் வரை வந்து என்னைப் பிடித்துக்கொண்டு போனார்! நானும் அழுதேன், ஆனால் என் அழுகையில் தொழில் கலந்திருந்தது. பிரிந்தவர் கூடும் காட்சி என் வீட்டு மாடியிலேயே நடக்கப்போகிறது. காப்பிப் பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் கதவோரம் இடம் பிடித்தேன்.

பள்ளிவாசலிலிருந்து மூன்று பெரியவர்கள் சமாதானம் பேச வந்தார்கள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "லான், காலம் நம்மளப் பிரிச்சுருச்சு."

"காலமா?" என்றார் மாமி. "நான் பிளேன்னுல்ல நெனச்சேன்."

பெரியவர்களில் ஒருவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "மர்யம் லாத்தா, ஒங்க பொறுமைக்கு அல்லாஹ் கூலி குடுத்துட்டான். பழச வுட்டுட்டு..."

"கூலி இன்னும் வரல காக்கா. இப்பத்தான் கேக்கப்போறேன்." மாமி முந்தானை மாதிரி போட்டிருந்த துண்டைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணு பேரும் சாட்சிக்கு இருக்கீங்க, நல்லதாப்போச்சு. இவர தலாக் சொல்லச் சொல்லுங்க."

மாமாவின் மப்ளர் மட்டும் மின்விசிறியில் ஆடியது.

"இதுக்காகவா," என்றார் மாமா மெதுவாக, "இதுக்காகவா இத்தன வருசமாக் காத்துக்கிட்டு இருந்தே?"

"வேற எதுக்கு?"

"லெட்டர்ல கேட்டிருக்கலாமே?"

"காயிதத்துல வேணாம். ஆறு மாசம்னு என் மூஞ்சியப் பாத்துத்தானே சொன்னீங்க? இதையும் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

யூசுப் "மா!" என்று கத்தினார். மாமி மகனைப் பார்க்கவில்லை. பெரியவர்கள் அரைநாள் பேசிப் பார்த்தார்கள். டீ ஆறியது, இன்னொரு டீ வந்தது, அதுவும் ஆறியது. கடைசியில் மாமா சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை. முதல் தடவை தரையைப் பார்த்துச் சொன்னார். "சரியாக் கேக்கல" என்றார் மாமி. இரண்டாம் தடவை பார்த்துச் சொன்னார்.

மாமி எழுந்து கீழே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். படியில் உட்கார்ந்திருந்த லோக்கிடம் வியட்நாமிய மொழியில் ஒரே சொல் சொன்னார்: முடிந்தது. லோக் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். ஏற்கெனவே கட்டியிருந்த சரக்கை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார், தப்பும் தவறுமாக.

"மாமி, இவரா?" என்றேன்.

"இவர் பன்னி திங்கிறத வுட்டு எத்தனையோ வருசமாச்சு. நான் வுடச் சொல்லல. எதுக்கு வுட்டீங்கன்னேன், 'ஒருவேளை தேவைப்பட்டா'ன்னார். அதுக்கப்பறம் அவரும் பேசல, நானும் பேசல." மாமி அவர் கட்டிய முடிச்சை அவிழ்த்துத் தானே கட்டினார். "சோலோன்ல ஒரு சீனன் பன்னி திங்காம இருக்குறதுன்னா என்னன்னு தெரியுமா நிஸா? கலியாணத்துக்குப் போவ முடியாது. கருமாதிக்குப் போவ முடியாது."

பனைமட்டைக் குதிரையை ஹோண்டாவாக்கிப் பெயர் வாங்கியவள் நான். என் வீட்டுப் படியில் ஒரு மனிதர் இத்தனை வருடமாகக் குதிரை ஏறி உட்கார்ந்திருக்கிறார். நான் அவரைத் தாண்டித் தாண்டித் தபாலாபீசுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமா சில நாள் ஓட்டலில் தங்கி, காப்பி சரியில்லை என்று குறைபட்டுவிட்டுப் பிரான்சுக்கே போனார். தலாக்குக்குப் பிறகு பெண் காத்திருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்ததும் லோக் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தார். நிக்காஹ் பள்ளிவாசலில் எளிமையாக நடந்தது. யூசுப் வரவில்லை. "இந்த வயசுல எதுக்கு மா?" என்று கேட்டதற்கு, "இந்த வயசுக்கு முன்னாடி ஒன் வாப்பா வரலயே" என்று மாமி சொன்ன பதில் அவருக்கு உறைக்கவில்லை. குச்சி என்கிற புறநகர்ப் பக்கத்துத் தையல் தொழிற்சாலைக்கு அவசரமாகத் துணி கொண்டுபோக வேண்டும் என்று காலையிலேயே கிளம்பிவிட்டார். அன்று அந்தத் தொழிற்சாலைக்கு விடுமுறை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாமி மாலைவரை முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார்.

நான் எழுதினேன். மாமியிடம் கேட்டுவிட்டுத்தான். "எழுது, ஆனா என்னய அழவைக்காதே" என்றார். அதுவரை எழுதியதிலேயே சீக்கிரம் வந்தது அதுதான். யூசுப் மேசைப்பக்கம் வரவே இல்லை. "காரைக்கால்ல எல்லாரும் படிப்பாங்க நிஸா. எங்க உம்மாவப் பத்தி ஊரே சிரிக்கும். நான் அதைத் தொடமாட்டேன்" என்றார். பிரதியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். தொலைபேசி வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு சகோதரி."

எனக்கு விளங்கிவிட்டது. "எதை மாத்தணும் சார்?"

"நாயகிக்கு வயசு எத்தனை?"

"ஐம்பத்தாறு."

முறுக்குச் சத்தம் நின்றது. "முப்பத்திரண்டு ஆக்கிடலாமா?"

"அப்ப அவ புருசன் போறப்ப அவளுக்குப் பல்லு முளைச்சிருக்காது சார்."

"பிரிவைச் சுருக்கிடலாம். அப்புறம் அந்தச் சீனாக்காரர். அவரை விசுவாசமான வேலைக்காரரா வச்சுக்கலாம். புருசன் வர்றான், காலில் விழறான், இவ அழறா. நீங்க எழுதி எழுதிப் பழகின இடம்தானே."

"இந்தத் தடவை முடியாது சார். அவ காத்துக்கிட்டு இருந்தது வேற விஷயத்துக்கு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சகோதரி, ஊர்ல எத்தனையோ பெண்கள் புருசனை துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிட்டு உங்க கதையைப் படிக்கிறாங்க. அவங்க கையில இதைக் கொடுக்கச் சொல்றீங்களா?"

அதற்காகத்தான் கொடுக்க வேண்டும் என்றேன். மாற்றினால் இனி அவருக்கு எழுதமாட்டேன் என்றும் சொன்னேன். வேறு பத்திரிகை எதற்கும் என்னைத் தெரியாது. "யோசிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். யோசித்தார். அந்த மாதம் நாவல் வெளியானது. தலைப்பில் ஒரு வசந்தம் சேர்ந்திருந்தது. நாயகிக்கு முப்பத்திரண்டு. கடைசி அத்தியாயத்தை அவரே எழுதியிருந்தார். கணவன் விழுந்தான், அவள் அழுதாள், மழை பெய்தது. வாசகிகள் உருகிப்போனார்கள் என்று பிறகு தெரிந்தது. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். இணையத்துக்கு நான் வந்த கதை, வேறு பெயரில், வேறு நாயகிகளோடு, அதன் பிறகு நடந்தது. வெண்முல்லை மட்டும் நிற்காமல் மாதாமாதம் வந்துகொண்டிருந்தாள். யார் எழுதினார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

புத்தகக் கட்டு சைகோனுக்கு வந்து சேர்ந்த மதியம் கடையில் கூட்டமில்லை. வெளியே மழை. மாமி துணிச்சுருள் மேல் சாய்ந்திருந்தார், லோக் வழக்கமான படியில் இருந்தார். "என் கதைன்னு சொன்னியே, வாசி" என்றார் மாமி. நான் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டிருந்தேன். கண் வலிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று என்னவோ சொன்னேன்.

கல்லாவில் இருந்த யூசுப் எழுந்து வந்து என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார். நிக்காஹுக்குப் பிறகு தாயோடு அவர் நேராகப் பேசியே சில மாதம் ஆகியிருந்தது. நின்றபடியே வாசித்தார். தன் கதாநாயகத் தமிழில், ஏற்ற இறக்கத்தோடு. மாமி நடுநடுவே சிரித்தார். பெரியவர்கள் வரும் இடம் வந்தது. அச்சான பக்கத்தில் கணவன் காலில் விழப்போகிறான், எனக்குத் தெரியும். நான் எழுந்து நின்றேன்.

"'காலமா?' என்று அவள் கேட்டாள்" என்று யூசுப் வாசித்தார். "'நான் விமானம் என்றல்லவா நினைத்தேன்.'"

அந்த வரி புத்தகத்தில் இல்லை. என் பிரதியில் இருந்தது. தொடமாட்டேன் என்று சொன்ன பிரதி. அவர் தடுமாறவே இல்லை. மூஞ்சியைப் பார்த்துச் சொல்லச் சொன்னதை வாசித்தார், சரக்கை அவிழ்த்துக் கட்டியதை வாசித்தார், பன்றி இறைச்சியை விட்டதைக்கூட வாசித்தார். என் கதை அங்கேதான் முடிந்திருந்தது.

"அப்பறம்?" என்றார் மாமி. "நிக்காஹ் எழுதலயா?"

யூசுப் பக்கத்தைத் திருப்பினார். அது பின்னட்டை. தலைமுடி எண்ணெய் விளம்பரம், முழங்கால் வரை கூந்தலோடு ஒரு பெண். அவர் அதையே உற்றுப் பார்த்தபடி நின்றார். பிறகு என் உதவியில்லாமல், உருபுகள் எல்லாம் இடம் மாறிய தன் பழைய தமிழில், மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்.

"பள்ளிவாசல்ல நிக்காஹ் நடந்துச்சு. கொஞ்சம் ஆளுதான் வந்தாங்க. முன்னாடி வரிசைக்கு அவளோட மகனை உக்காந்திருந்தான்."

மாமி கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"ஆமா," என்றார். "உக்காந்திருந்தான்."